தொழில்: விவசாயி

1927 ஜூன் மாதம் பெங்களூர் அடுகோடியில் இருந்த அரசுப் பால்பண்ணைக்கு ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தேழு. ரத்தக் கொதிப்பு. முழு ஓய்வு எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வருகையாளர் பதிவேட்டில் தன்னைச் 'சபர்மதியிலிருந்து வந்த விவசாயி' என்று குறித்துவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார். பெயர், எம்.கே. காந்தி.

இதை மகாத்மாவின் தமாஷ் என்று ரசித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தமாஷ் இல்லை. 1922 மார்ச்சில் ராஜத்துரோக வழக்கில் ஆமதாபாத்தில் நிறுத்தப்பட்டபோதும், லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற அந்த மனிதர் தன் தொழில் விவசாயமும் நெசவும் என்றுதான் பதிய வைத்தார். ஆறு ஆண்டுத் தண்டனைக்கு ஆளாகப்போகிற நேரத்தில் யாரும் விளையாட்டுக்கு எழுதுவதில்லை. நெசவை அவர் கற்றுக்கொண்ட கதை எல்லோருக்கும் தெரியும். மாடு வளர்க்கக் கற்றுக்கொள்ள அடுகோடிக்கு வந்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

டெய்ரி சர்க்கிள் என்று கண்டக்டர்கள் குரல் கொடுக்கும் இடத்துக்கு அருகில்தான் அந்தப் பண்ணை. ஓசூர் சாலையின் லாரிகளும், ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்களும், மேம்பாலமும் சேர்ந்து அந்த இடத்தின் பழைய முகத்தை அடையாளம் தெரியாமல் ஆக்கிவிட்டன. அன்று அது கண்டோன்மென்டைத் தாண்டிய வெளி. தமிழில் அடுகோடி என்றும் ஆடுகோடி என்றும் எழுதுகிறார்கள். பெயர்க் காரணம் எதுவானாலும் தமிழ்க் காதுக்கு அதில் ஆடு கேட்கிறது. கன்னடத்திலும் ஆடு ஆடுதான். ஆட்டுப்பால் மட்டுமே குடித்துவந்த ஒருவர் பசுவைப் பற்றிப் படிக்க வந்த இடத்துக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்தது வேடிக்கைதான்.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் சுற்றுப்பயணத்தின் நடுவே கோலாப்பூரில் காந்தி நிலைகுலைந்தார். லேசான பக்கவாதம் என்று கருதப்பட்டது. நந்தி மலையில் ஆறு வாரம் வைத்திருந்து, ஜூன் தொடக்கத்தில் கீழே இறக்கி, பெங்களூர் குமாரா பார்க்கில் தங்க வைத்தார்கள். ஓய்வு என்றால் அவர் அகராதியில் வேறு வேலை என்று அர்த்தம். பண்ணையில் சுமார் பதினைந்து நாள் கால்நடைப் பராமரிப்புப் பயிற்சி பெற்றார், பண்டித மதன் மோகன் மாளவியாவும் பெற்றார் என்று அந்த நிறுவனத்தின் வரலாறு பெருமையோடு குறிப்பிடுகிறது. காசி இந்து சர்வகலாசாலையை நிறுவிய மாளவியாவும், சபர்மதி ஆசிரமத்தை நிறுவிய காந்தியும் தொழுவத்தில் பாடம் கேட்ட காட்சியை நினைத்துப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலியாவில் ஒரு வகை வாழ்க்கைக் கதை உண்டு. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆடும் மாடும் மேய்க்கிற பண்ணைக்காரர் குதிரையேறிச் சண்டைக்குப் போவார், உயிரோடு திரும்பினால் மறுபடி மந்தைக்குப் போவார். 1899ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது அந்த நாட்டுக் காலனிகளிலிருந்து சுமார் 16,000 பேர் அப்படிப் போனார்கள். மேய்ச்சல் காட்டில் சவாரி பழகியவர்கள் என்பதற்காகவே பலரைத் தேடிச் சேர்த்தார்கள். அதே யுத்தத்தில், துப்பாக்கி இல்லாமல், டோலி தூக்கிக்கொண்டு நடந்தவர் இந்தச் சபர்மதி விவசாயி. மந்தையிலிருந்து போருக்குப் போனவர்கள் அவர்கள். இவர் போருக்குப் போய்விட்டு, நெடுங்காலம் கழித்து மந்தையிடம் வந்து சேர்ந்தவர்.

நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அவர்களில் எண்ணூறு பேர் வரை ஒப்பந்தக் கூலிகள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதால், அந்த டோலிகளின் கீழ் தமிழும் தெலுங்கும் நிறையவே பேசப்பட்டிருக்கும். ஸ்பியான் காப் குன்றிலிருந்து காயம்பட்டவர்களைச் சுமந்து நாளைக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். ஆறு வாரத்தில் படை கலைந்தது. தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது. தூக்கிய கூலிக்குப் பதக்கம் எதுவும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

1906ல் ஜூலுக்களின் கலகம் என்று வெள்ளையர்கள் பெயரிட்ட நடவடிக்கையில் மீண்டும் போனார். இம்முறை சார்ஜென்ட் மேஜர் காந்தி. அவருக்குக் கீழே இருபத்துச் சொச்சம் பேர். கசையடியில் முதுகு கிழிந்து, வெள்ளை நர்சுகள் தொட மறுத்த ஜூலுக்களின் புண்ணைக் கழுவியதுதான் அந்தப் படையின் முக்கிய வேலை. 1914ல் லண்டனில் இறங்கிய கையோடு அங்கிருந்த இந்தியர்களைத் திரட்டி இன்னொரு ஆம்புலன்ஸ் படை. பயிற்சி முடிவதற்குள் நுரையீரல் உறையில் அழற்சி வந்து படுத்துவிட்டார்.

இங்கேதான் பால் கதைக்குள் வருகிறது. டாக்டர்கள் பால் குடிக்கச் சொன்னார்கள். கோகலேயும் வற்புறுத்தினார். காந்தி மறுத்துவிட்டார். 1912ல் டால்ஸ்டாய் பண்ணையில் நண்பர் காலன்பாக்கோடு சேர்ந்து பாலை விட்டிருந்தார். பால் புலன்களைத் தூண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். இன்னொரு காரணம் குரூரமானது. கல்கத்தாவில் கடைசிச் சொட்டுவரை கறப்பதற்காக மாடுகளுக்குச் செய்யப்பட்டுவந்த 'ஃபூக்கா' என்ற சித்திரவதையைப் பற்றி அவர் படித்திருந்தார். பசுவைத் தாய் என்று கும்பிடுகிற நாட்டில்தான் அது நடந்தது.

அந்த விரதத்தை உடைத்ததும் ஒரு யுத்தம்தான். 1918 ஏப்ரலில் டெல்லியில் வைஸ்ராய் கூட்டிய யுத்த மாநாட்டுக்குப் போன காந்தி, ராணுவத்துக்கு ஆள் சேர்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். கேடா மாவட்டத்துக் கிராமங்களில் வல்லபாய் படேலோடு நடந்தார். வரிகொடா இயக்கத்தின்போது வண்டி பூட்டிக்கொண்டு வந்த அதே விவசாயிகள், இப்போது வாடகைக்குக்கூட வண்டி தரவில்லை. அஹிம்சை பேசுகிற நீங்களா எங்களைத் துப்பாக்கி தூக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர் சொன்ன பதில்கள் கேடாக்காரர்களைத் திருப்திப்படுத்தவில்லை. இன்று படிக்கிறவர்களையும் திருப்திப்படுத்துவதில்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடும், நாளைக்கு இருபது மைல் நடையும் சேர்ந்து உடம்பைத் தின்றன. சீதபேதி பிடித்தது. சாகிற நிலைமைக்குப் போனார். நவம்பரில் யுத்தம் முடிந்துவிட்டது. ஆள் சேர்ப்பும் தேவையற்றுப் போயிற்று. உடம்பு மட்டும் தேறவில்லை.

1919 ஜனவரியில் பம்பாயில் டாக்டர் தலால், பால் குடித்தால் தேற்றிவிடுகிறேன் என்றார். முடியாது, விரதம் என்றார் நோயாளி. பசு, எருமைப் பாலைத்தானே நினைத்து விரதம் எடுத்தீர்கள், ஆட்டுப்பாலுக்கு என்ன தடை என்று கஸ்தூர்பா கேட்டார். எந்த வக்கீலுக்கும் தோன்றாத வாதம். ஒரு மனைவிக்குத் தோன்றியது. காந்தி குடித்தார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நிற்க உயிர் வேண்டியிருந்தது. சொல்லைக் காப்பாற்றினேன், விரதத்தின் உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற குற்ற உணர்வைச் 'சத்திய சோதனை'யில் அவர் ஒளிக்கவில்லை. அடுகோடிக்கு வந்தபோது அந்தச் சுயசரிதை வாராவாரம் வெளிவந்துகொண்டிருந்தது. 1920ல் போர்ப் பதக்கங்களை அரசாங்கத்திடம் திருப்பிக் கொடுத்தார். ஆட்டுப்பாலைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கவில்லை.

ஆக, அந்த மாணவருக்குப் பசுவிடம் ஒரு பழைய கணக்கு இருந்தது.

அவர் வந்து சேர்ந்த பள்ளிக்கூடத்துக்கும் ராணுவப் பூர்வீகம் உண்டு. கண்டோன்மென்ட்களில் இருந்த வெள்ளைச் சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் கடைத்தெருப் பாலைக் குடித்துக் காய்ச்சலில் விழுந்துவிடக்கூடாது என்பதற்காக, 1889ல் அலகாபாத்தில் முதல் ராணுவப் பால்பண்ணை தொடங்கியது. பிறகு படை இருந்த ஊர்களிலெல்லாம் பண்ணைகள் முளைத்தன. இந்திய மாட்டோடு சீமைக் காளையைச் சேர்த்துப் பார்க்கும் சோதனை பெரிய அளவில் நடந்ததும் இந்தப் பண்ணைகளில்தான். அந்த அனுபவத்தின் மேல் 1923 ஜூலை 1 அன்று பெங்களூரில் கால்நடை வளர்ப்புக்கும் பால்வளத்துக்குமான இம்பீரியல் நிறுவனம் திறக்கப்பட்டது. காந்தி வந்தபோது இம்பீரியல் பால்வள நிபுணர் என்ற பதவியில் இருந்தவர் வில்லியம் ஸ்மித். தன்னைச் சிறைக்கு அனுப்பிய அரசின் அதிகாரியிடம் காந்தி பாடம் கேட்டார். அதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. தெரிந்தவன் யாரானாலும் குருதான் என்பது அவர் பழக்கம்.

அந்தப் பள்ளியின் அடிப்படைப் பாடம் எளிமையானது. ஒவ்வொரு மாட்டின் பாலையும் நிறுத்து அதன் பெயருக்கு நேரே எழுது. எந்த மாடு சாப்பிட்டதற்குக் கறக்கிறது, எது கறக்கவில்லை என்று அப்போதுதான் தெரியும். நல்ல கறவையின் கன்றைக் காப்பாற்று, தரமற்ற காளையை மந்தையில் விடாதே, மழைக்காலப் புல்லைக் குழியில் மூடிப் பதப்படுத்தி வேனலுக்கு வை. நம் கிராமத்துப் பாட்டிகளுக்கு இதில் பாதி தெரியும். அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். கணக்கு எழுதுவதில் காந்திக்கு இருந்த வெறி உலகறிந்தது. சின்னச் செலவையும் விடாமல் குறித்து வைத்தவருக்கு, பசுவின் பெயரில் பேரேடு திறக்கும் இந்த சாஸ்திரம் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அவர் தேடி வந்தது சாஸ்திரத்தை மட்டும் அல்ல. 1924 டிசம்பரில் பெல்காமில் காங்கிரஸ் தலைவராக இருந்தபோது அங்கே நடந்த கோரக்ஷண மாநாட்டுக்கும் அவர்தான் தலைவர். அடுத்த ஆண்டு அகில பாரத கோரக்ஷா மண்டலம் அவர் தலைமையில் உருவானது. பசுப் பாதுகாப்பு என்றால் கசாப்புக் கடைக்காரரோடும் முஸ்லிம் தெருவோடும் மோதுவது என்று நினைத்தவர்கள் நடுவில் அவர் வேறு கணக்கைப் போட்டார். பசுவைக் கசாப்புக்கு விற்பது யார்? கறவை வற்றியதும் தீனி போடக் கட்டுப்படியாகாத இந்து விவசாயி. அவனுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி செய்யாமல் என்ன கூச்சல் போட்டாலும் மாடு போய்க்கொண்டுதான் இருக்கும். சேட்டுகளின் தர்மப் பணத்தில் நடந்த பிஞ்சராபோல்களில் கிழட்டு மாடுகள் எலும்பும் தோலுமாக நின்று செத்தன. அவற்றை மாதிரிப் பால்பண்ணைகளாக மாற்றுங்கள், கூடவே தோல் பதனிடும் சாலையும் நடத்துங்கள் என்றார். செத்த மாட்டின் தோலும் எலும்பும் விலை போனால்தான் உயிருள்ள மாட்டைக் கொல்லும் ஆசை குறையும் என்பது அவர் வாதம். பசுவைக் கும்பிடுகிற ஜாதிகளிடம் போய்த் தோல் வேலை பார்க்கச் சொல்ல அந்தக் காலத்தில் வேறு யாருக்கு தைரியம் வரும்?

அப்போது மைசூர் சமஸ்தானத்திலும் பசுப் பாதுகாப்பை ஆராய ஒரு கமிட்டி இருந்தது. அவர் கருத்தைக் கேட்டார்கள். பெங்களூர் நாட்களில் காந்தி சொன்ன யோசனைகள் இன்று படித்தாலும் சிலருக்குக் கசக்கும். சந்தைக்கு வரும் மாட்டை அரசே மற்றவர்களைவிட அதிக விலை கொடுத்து வாங்க வேண்டும். நகரங்களில் அரசுப் பால்பண்ணையும், செத்த மாடுகளுக்காகத் தோல் தொழிற்சாலையும் வேண்டும். மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் தாராளமாக விட வேண்டும். வதைத் தடைச் சட்டமோ, அதனால் பாதிக்கப்படும் சமூகத்தின் பெரும்பான்மை மனமொப்பிச் சம்மதிக்காமல் வரக்கூடாது. அரசர் இந்து, குடிகளில் பெரும்பாலோர் இந்துக்கள். அங்கே இருந்துகொண்டு இதைச் சொன்னார்.

மேய்ச்சல் நிலம் என்ற சொல்லை மைசூரில் உச்சரித்தால் அமிர்த மகால் மாடுகள் நினைவுக்கு வராமல் போகாது. உடையார்கள் தொடங்கி, ஹைதர் அலி பெருக்கி, திப்பு சுல்தான் பெயர் சூட்டிய மந்தை அது. பாலுக்காகப் பேர் பெற்றதல்ல. பீரங்கி இழுத்துப் பேர் பெற்றது. சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் பாய்ந்தது இந்த மாடுகளின் வேகத்தில்தான் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. திப்பு வீழ்ந்த பிறகு இங்கிலீஷ்காரர்களும் இவற்றை விடவில்லை. அவை மேய்வதற்கென்றே ராஜ்யமெங்கும் ஒதுக்கிய நிலங்களுக்குக் கன்னடத்திலும் 'காவல்' என்றுதான் பெயர். பெயரில் இருந்த காவல் நிலத்துக்குக் கிடைக்கவில்லை. மாடுகள் குறைந்தன, காவல்கள் சுருங்கின. சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் எஞ்சியிருந்த ஆயிரக்கணக்கான ஏக்கர், இந்த நூற்றாண்டில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கும் அணுசக்திக்கும் விண்வெளிக்கும் பிரித்துத் தரப்பட்டது. அங்கே ஆடு மேய்த்தவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். பீரங்கி மாட்டின் புல்வெளி கடைசியில் ராணுவ விமானத்துக்கே போய்ச் சேர்ந்தது.

அடுகோடியில் படித்த மாணவரின் கணக்குகள் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. ஒரே இனத்துப் பசு பாலும் தர வேண்டும், அதன் காளைக்கன்று ஏரும் இழுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். டிராக்டர் வந்து ஏர்மாட்டின் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பசு பிழைக்க வேண்டுமானால் எருமையை ஊக்குவிக்கக்கூடாது என்றும் நினைத்தார். இந்தியப் பாலில் ஏறத்தாழப் பாதியைக் கொடுத்துவந்திருப்பது எருமைதான். இந்தப் பண்ணையே ஐர்ஷர் காளைக்கும் ஹரியானா மாட்டுக்கும் பிறந்த 'ஜில்' என்ற கலப்பினப் பசுவால்தான் பால்வளத் துறையில் பேர் வாங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு இம்பீரியல் போய் தேசியம் வந்தது. 1955ல் தலைமையகம் கர்னாலுக்கு மாறி, அடுகோடி தென்மண்டல நிலையம் ஆனது. அதற்கு முன்பே, சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்த வர்கீஸ் குரியன், அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போவதற்காக வேண்டாவெறுப்பாக இங்கே சில மாதம் காலம் தள்ளிவிட்டுப் போனார். பால் என்றாலே அன்று அவருக்கு அலுப்பு. ஆனந்தில் அவர் செய்ததை நாடு அறியும். விவசாயிக்குக் கட்டுப்படியானால் மாடு பிழைக்கும் என்ற காந்தி கணக்கை, கோரக்ஷண சங்கம் எதிலும் சேராத அந்தக் கிறிஸ்தவ இன்ஜினியர்தான் நடைமுறையில் போட்டுக் காட்டினார். ராணுவப் பால்பண்ணைகள் 132 ஆண்டுகள் நடந்துவிட்டு 2021 மார்ச்சில் ஒரேயடியாக மூடப்பட்டன. பாக்கெட் பால் எல்லா ஊருக்கும் வந்த பிறகு சிப்பாய்க்கென்று தனி மாடு தேவைப்படவில்லை.

காந்தியின் சொந்தப் பரீட்சை இதற்கெல்லாம் வெகு முன்பே வந்தது. பெங்களூரிலிருந்து போன மறு ஆண்டு, 1928ல், சபர்மதி ஆசிரமத்துத் தொழுவத்தில் ஒரு கன்று முடமாகி நோயில் விழுந்தது. வைத்தியம் செய்து பார்த்தார்கள். டாக்டர் கைவிட்டார். புரண்டு படுக்கக்கூட முடியாமல், தொட்டாலே துடித்தது. காந்தி ஆசிரம நிர்வாகக் குழுவிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் கலந்து பேசினார். உயிரைப் படைக்க முடியாதவனுக்கு அதை எடுக்க உரிமை இல்லை என்று ஒருவர் வாதாடினார். சுயநலத்துக்காக எடுத்தால் அந்த வாதம் பொருந்தும், இங்கே பொருந்தாது என்றார் காந்தி. டாக்டரை வரவழைத்தார். விஷ ஊசி போடப்பட்டபோது தானும் கூட நின்றார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

ஸ்பியான் காப்பிலும் ஜூலு கிராமங்களிலும் துடித்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். கும்பிடுகிற தூரத்திலிருந்து பசுவைப் பார்த்தவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் விளங்கவில்லை. ஆமதாபாத் கொதித்தது. கோரக்ஷா மண்டலத்தின் தலைவரே கோஹத்தி செய்துவிட்டார் என்றார்கள். நடந்ததை அவர் மறைக்கவில்லை. தாமே பத்திரிகையில் விவரமாக எழுதினார். அதற்குப் பிறகுதான் வசைக் கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்தன. ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், வேளாவேளைக்கு ஆட்டுப்பாலைக் குடித்துக்கொண்டு.